நான் எடுத்து எறிந்த ரோல் ஒன்

நான் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். இப்போது நாற்பத்தெட்டு. இத்தனை வருடத்தில் பெரும்பகுதி சலிக்கிற அறையிலேயே போய்விட்டது. காய்ந்த தூளை இயந்திரம் தரம் தரமாகப் பிரித்துத் தரும். நாங்கள் அதில் குச்சியும் நாரும் போக்கி, கடதாசிப் பைகளில் நிறைத்து அடுக்குவோம்.

அந்த அறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசனையோடு யாரும் உள்ளே வரக் கூடாது. பவுடர் கூடாது, சென்ட் கூடாது, பெண்கள் தலையில் பூ வைத்து வரக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரம் தொட்டுக் கும்பிட்ட கையைக்கூடக் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். காய்ந்த தூள் பக்கத்தில் இருப்பது எதுவானாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவர் லுணுகலையில் வாங்கின வாசனைச் சோப்புக் கட்டைத் தூள் பைகளின் மேல் மறந்து வைத்துவிட்டுப் போனார். இடையில் ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் வந்ததால் இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அந்தப் பையிலிருந்து தேநீர் ஊற்றச் சொல்லி எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மடக்குக் குடிக்கவைத்தார். வாயில் சோப்பு போட்டதுபோல் இருந்தது. பை கிழியவில்லை, சோப்புக் கட்டும் பிரிக்கப்படவில்லை. அப்படியும் வாசனை உள்ளே போய்விட்டது. அன்றைக்குப் படிந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் வீட்டிலும் வாசனையில்லாத சோப்புதான் பாவிப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது நாற்பத்தொரு வயதில். அம்மா அப்பா இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்து முடிக்கும்போது வயது போய்விட்டது. மனைவிக்கு அப்போது முப்பத்தைந்து. பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் பத்து வருடத்துக்கு மேலாக வேலை செய்துகொண்டிருந்தாள். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடமாட்டேன் என்றாள், நானும் விடச் சொல்லவில்லை.

அவள் வேலையை ஒரே ஒரு தடவை கடைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் சேலையைக் கை உயர்த்தி மேல் தட்டிலிருந்து இழுப்பாள். ஒரு உதறலில் விரித்துத் தன் தோளிலேயே போட்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பிக் காட்டுவாள். வந்தவர்கள் கிட்டே வந்து முந்தானையைப் பிடித்துப் பார்ப்பார்கள். சேர்ந்த புதிதில் யாரோ ஒரு பெண், "தோட்டத்து ஆள் போல, கிட்ட நிக்க முடியல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாளாம். அன்று மாலையே, வியர்வை நாறாமல் அக்குளில் உருட்டிப் பூசுகிற ரோல் ஒன் வாங்கினாளாம். அதிலிருந்து ஒரு நாளும் அதைப் போடாமல் வெளியே போனதில்லை. எங்கள் லயத்து அறையான காம்பராவில் முகக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னத் தட்டில் சீப்பும் பொட்டும் அதுவும் இருக்கும்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவள் கர்ப்பமானாள். மூன்றாம் மாதம் அது கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அக்கா வந்து ஒரு வாரம் சமைத்துப் போட்டார். அக்கா போன பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அவளும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி கர்ப்பமானாள். அவளுக்கு முப்பத்தெட்டு. இந்தத் தடவை ஐந்தாம் மாதம்வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாள். ஆனால் ஸ்டோரில் எனக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவருக்கு ஃபோனில் வருகிற வீடியோக்களை எல்லாம் அடுத்தவனுக்குக் காட்டாமல் சோறு இறங்காது. ஒரு நாள் தேநீர் நேரத்தில் ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு பெண், ரோல் ஒன்னிலும் ஸ்ப்ரேயிலும் அலுமினியம் இருக்கிறது, கர்ப்பிணிகள் அக்குளில் போட்டால் அது தோல் வழியாக இரத்தத்தில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும் என்று வேக வேகமாகச் சொன்னாள்.

"மச்சான், வீட்டுல இது பாவிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

அலுமினியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சோறாக்குவதே அலுமினியப் பானையில்தான், அதனால் அந்தப் பேச்சு என்னை அவ்வளவு பாதிக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது தோல் வழியாக இறங்குகிறது என்கிற வார்த்தை. கிழியாத பைக்குள் சோப்பு வாசனை போனதை நான் குடித்துப் பார்த்தவன். ஒரு பை இரண்டு நாளில் அப்படிக் கெட்டது என்றால், தினமும் உடம்பிலேயே பூசுகிற ஒன்று உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் போகாதா? அன்று மத்தியானம் முழுதும் இதுதான் மனதில் ஓடியது. முதல் தடவை கலைந்ததும் இதனால்தான் என்று மாலைக்குள் நானே முடிவு கட்டிவிட்டேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்குள் என்ற சொல்லை மனைவியிடம் எப்படி எடுப்பது என்பது ஒரு பக்கம். முதல் பிள்ளை உன்னால் போயிற்று என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது இன்னொரு பக்கம். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது அந்தப் போத்தலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். ஸ்டோர் வாசலுக்குக் கிட்டே போனதும் வேறு பயம் வந்துவிட்டது. மூடி கொஞ்சம் கசிந்து சட்டைப்பையில் வாசனை. டீமேக்கர் மூக்குக்கு அது தப்பாது. திரும்பி நடந்து, பாலத்துக்குப் பக்கத்தில் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு, குழாயடியில் சட்டைப்பையை மட்டும் கசக்கிப் பிழிந்துகொண்டு உள்ளே போனேன். ஒரு பக்கம் நனைந்த சட்டையோடு காலை முழுதும் வேலை செய்தேன்.

அவள் இரண்டு நாள் தேடினாள். எலி இழுத்திருக்கும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "ரோல் ஒன்ன தின்னுற எலியா?" என்றாள். பிறகு டவுனில் புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். ஒரு வாரத்தில் அதையும் எறிந்தேன். மூன்றாவதாக அவள் வாங்கவில்லை.

அதன் பிறகு அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. காலையில் ஒன்றுக்கு இரண்டு தடவை குளித்தாள். கடைக்குப் போகும் பையில் மாற்று ரவிக்கை ஒன்று வைத்துக்கொண்டாள். கர்ப்பத்தில் வியர்வை கூடும்போலிருக்கிறது, எங்கள் ஊர்க் குளிரிலும் அவளுக்குக் கழுத்து நனைந்திருக்கும். வீட்டில் நான் உட்கார்ந்த வாங்குப் பலகையில் உட்காராமல் அடுப்பங்கரைப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் தள்ளி நின்று வைத்துவிட்டுப் போனாள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா ஹாலிஎலையிலிருந்து வந்தார். நான் வெளியே கோழிக்கூட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருவரும் பேசுவது தகரத் தடுப்பு வழியாகக் கேட்டது.

"இந்த மாசத்தோட கடை வேலைய விட்டு நிக்கிறேன்க்கா. முதலாளிக்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன்டி, ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்புக்கு என்ன. கை தூக்க முடியல. தேசிக்காய்ப் புளி தேச்சா நல்லதுன்னு கடையில ஒருத்தி சொன்னா, தேச்சேன், ரெண்டு பக்கமும் புண்ணாப் போச்சு. சேலைய நான் தோள்ல போடறதே இல்ல. எங்கூட வேல செய்ற சின்னவளக் கூப்பிட்டுப் போடச் சொல்றேன்."

"முந்தி ஏதோ போடுவியே."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அது ரெண்டு தடவ காணாமப் போச்சு. அவருதான் எடுத்திருக்காரு. வேற யாரு இருக்கா வீட்டுல. எதுக்குப் பூசிக்கிட்டுப் போறேன்னு நெனைக்கிறாரோ, இல்ல பூசியும் நாறுறேன்னு நெனைக்கிறாரோ. முதல் புள்ள போனதிலருந்து அவரு என் மூஞ்சியப் பாத்துப் பேசுறதே இல்லக்கா."

நான் ஆணியைக் கீழே போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக நடந்து போனேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் செய்த காரியம் அவளுக்கு என்னவாகப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், ரோல் ஒன் போட்டதால்தான் முதல் பிள்ளை போனது என்று நான் நினைப்பதையும் சொல்ல வேண்டும். அது நிஜமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. கேட்கக் கூடிய ஆள் கர்ப்பிணிகளைப் பார்க்கிற மிட்வைஃப் மட்டும்தான்.

அந்தப் புதன்கிழமை கிளினிக் நாள். வழக்கமாக அவள் தனியாகத்தான் போவாள். நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

பதுளை டவுனில் கிளினிக் மண்டபத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள் இருந்தார்கள். ஆண் நான் ஒருவன். வாசலில் நிற்பதா உள்ளே வருவதா என்று தெரியாமல் நின்றபோது, வாங்கில் இருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அண்ணனுக்கு எத்தன மாசம்னு கேளு, கார்டு எடுத்துத் தரலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

அவளை டாக்டரிடம் உள்ளே கூப்பிட்டார்கள். நான் மிட்வைஃபின் மேசைக்குப் போனேன். என்னைவிட வயதில் குறைந்தவர், ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் லயத்து வீடுகளுக்கும் மாதத்தில் இரண்டு தடவை வருவார். அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சொல்லுங்கண்ணே" என்றார்.

நான் அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னேன். ரோல் ஒன் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவர் இரண்டு தடவை "என்னது?" என்று கேட்டார். மூன்றாவது தடவை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு பயம் போய்விட்டது. தூள் பையில் சோப்பு வாசனை போன கதையையும் முழுதாகச் சொன்னேன். அது அப்படி இழுக்குமென்றால் பிள்ளையும் இழுக்காதா என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணே, தூள் செத்துக் காஞ்ச எலை. ஈரத்தயும் வாசனையயும் இழுக்கத்தான் செய்யும். மனுச தோலு அப்படி இல்ல. உயிரோட இருக்குற தோலு சும்மா எல்லாத்தயும் உள்ள விடாது."

ரோல் ஒன்னில் இரண்டு வகை உண்டு என்று விளக்கினார். ஒன்று வாசனையை மட்டும் மறைக்கும். இன்னொன்று வியர்வையையே குறைக்கும், அதில்தான் அலுமினிய உப்பு இருக்கிறது. நல்ல தோல் மேல் போட்டால் உள்ளே போவது மிக மிகக் கொஞ்சம். அதனால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வந்ததாகத் தனக்குத் தெரிந்து யாரும் காட்டியதில்லை என்றார். கர்ப்பிணிகளை வைத்து எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள் என்று தான் சொல்லமாட்டேன், ஆனால் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இல்லை என்றும் சொன்னார். புண் மேலும், முடி எடுத்த கையோடும் போடக் கூடாது. வாசனை குமட்டினால் வாசனையில்லாததை வாங்கலாம். ஸ்ப்ரே என்றால் மூடின அறையில் அடிக்கக் கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

"எனக்கு இதுல பயமில்லண்ணே. பேரும் இல்லாம வெலாசமும் இல்லாம டவுன்ல விக்கிற வெள்ளையாக்குற கிரீம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் பயம். சிலதுல பாதரசம் கெடக்கு. அத உங்க வீட்டுல யாரும் பூசினா அத எடுத்து எறிங்க."

எறிவதைப் பற்றி அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. வந்த காரியம் இன்னும் முடியவில்லை. நான் எழும்பப் போய் மறுபடி உட்கார்ந்தேன்.

"மிஸ், முந்தி ஒண்ணு கலைஞ்சுச்சே. அதுக்கு…"

அவர் அட்டையைத் தள்ளி வைத்தார்.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மூணு மாசத்துக்குள்ள கலையிறது பெரும்பாலும் கரு சரியா அமையாததால. அவங்க பூசினதாலயும் இல்ல, கடைக்குப் போனதாலயும் இல்ல. இத அவங்கக்கிட்டயும் சொல்லியிருக்கேன். உங்கக்கிட்ட சொல்ல நீங்க ஒரு நாளும் வரலயே."

அதற்குள் மனைவி வெளியே வந்தாள். டாக்டர் அக்குள் புண்ணைப் பார்த்துவிட்டு மருந்து எழுதியிருந்தார். ஆறும்வரை எதையும் போடவேண்டாம், தேசிக்காய் பக்கமே போகவேண்டாம் என்றாராம். மிட்வைஃப் அட்டையை அவளிடம் நீட்டிக்கொண்டே, "ஒங்க அவருக்கு ஒரு விசயம் சொல்லணுமாம், வீட்டுக்குப் போய்க் கேளுங்க" என்றார்.

வீடுவரை பொறுக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அங்கே எல்லாவற்றையும் சொன்னேன். எலி இல்லை நான்தான் என்பதில் தொடங்கி, சோப்பு, வீடியோ, கான், நனைந்த சட்டைப்பைவரை சொன்னேன். முதல் பிள்ளையைப் பற்றி நான் நினைத்ததையும் சொன்னேன். அவள் தேநீரைத் தொடவில்லை.

"நான் நாறுறேன்னு நெனச்சி எடுக்கலயா?"

"இல்ல."

"அப்ப நான் புள்ளயக் கொன்னுட்டேன்னு நெனச்சிருக்கீங்க."

நினைத்தது உண்மை. ஆமாம் என்று சொன்னேன். இப்போது அப்படி இல்லை என்றும், மிட்வைஃப் சொன்னதையும் சொன்னேன்.

"அவங்க சொன்னது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்," என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் அழவில்லை. கோபத்தில் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும், அப்படிச் சிவந்திருந்தது. தேநீர் ஆறிப்போன பிறகு ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு எழுந்து, "முதலாளிக்கிட்ட நிக்கிறேன்னு சொன்னது நான். நிக்கலன்னு நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். நான் அவளே சொல்லலாமே என்றேன். அவள் கடை இருக்கும் தெருப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கடையில் கூட்டமில்லை. முதலாளி காசுப் பட்டறையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார். மனைவி உள்ளே போய் மடித்து அடுக்குகிற வேலை ஒன்றை எடுத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதலாளி, இவங்க வேலைக்கு வருவாங்க," என்றேன். "நிக்கிறேன்னு சொன்னது என்னாலதான். நான் ஒரு தப்புச் செஞ்சேன்."

அவர் என்ன தப்பு என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

"மாப்பிள்ள வந்து பொண்டாட்டிய வேலைக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லி நெறயக் கேட்டுட்டேன் தம்பி," என்றார். "அனுப்புறேன்னு வந்து சொன்ன மொத ஆள் நீங்கதான்."

மேல் தட்டு வேலையைப் பிள்ளை பிறக்கும்வரை சின்னவள் பார்க்கட்டும், மனைவி உட்கார்ந்து பார்க்கிற வேலையைச் செய்யட்டும் என்று அவரே சொன்னார். எட்டாம் மாதம் முடியும்வரை அவள் போனாள். மகள் பதுளை ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்தாள். இப்போது மூன்று வயது.

அன்று கடையிலிருந்து வெளியே வந்து பஸ்ஸில் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, எனக்கு அவள் பக்கத்தில். பஸ் டவுனைத் தாண்டியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் சொன்னதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. முன் இருக்கையில் இருந்தவர் இறங்கிப் போனார். பின்னால் யாரும் இல்லை. அப்போது கேட்டேன்.

"மொதப் புள்ளய நெனைப்பியா?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தெனமும்தான்," என்றாள். "நீங்க?"

நானும் என்றேன்.